ஸ்டாண்டு முழுக்கக் கேட்ட தாலாட்டு

வேணாம் சார், அந்த ஒயரை எடுக்காதீங்க. இந்த வண்டியில பாட்டுக் கிடையாது. ஏசி வேணுமா, போடுறேன். கண்ணாடிய இறக்கணுமா, இறக்குங்க. பாட்டு மட்டும் கேக்காதீங்க. நீங்க எங்க தடவிப் பாத்தாலும் அந்த ஒயரு சொருகுற ஓட்டை இதுல இருக்காது. இது ரேடியோ மட்டும் பாடுற பழைய செட்டு. அந்த ரேடியோவையும் நான் போடுறதில்ல.

கோவமா? எனக்கா? உங்க மேல எனக்கு என்ன சார் கோவம்? நீங்க அருப்புக்கோட்டையில ஏறுனீங்க, மதுரை ஏர்போர்ட்டுல எறங்கப் போறீங்க. என் குரலே இப்படித்தான். நான் நல்லாருக்கீங்களான்னு கேட்டாலே எதுக்க நிக்கிறவன் ரெண்டடி பின்னாடி போவான்.

சரி, கேட்டுப்புட்டீங்க. சொல்லாம விட்டா எனக்கும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்கும். சொல்றேன். கேட்டுட்டு தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஸ்டாண்டுல எட்டு வண்டி சார். எல்லாம் பழைய வண்டி, எல்லாத்துலயும் இதே மாதிரி ரேடியோ செட்டு. பாட்டை எம்பித்ரீ பிளேயருல, போனுல ஏத்தி வச்சிருப்பானுக, ஆனா செட்டுல சேக்க வழியில்ல. அப்பத்தான் மதுரையில பிளாட்பாரத்துல ஒருத்தன் ஒரு குச்சி வித்தான். சிகரெட் பத்த வைக்கிற ஓட்டை இருக்குல்ல, இந்தா இது, இதுல சொருகணும். குச்சியில ஒரு ஒயரு தொங்கும். அதைப் பிளேயருல மாட்டுனா, குச்சி தன்னால ஒரு எஃப்.எம். ஸ்டேஷன் ஆயிரும். நம்ம ரேடியோவ அந்த நம்பருல வச்சா, பிளேயருல ஓடுற பாட்டு ரேடியோவுல வரும். நல்ல சாமான்தான். தவசின்னு ஒரு பய, நம்ம ஸ்டாண்டு வண்டிதான், அவன்தான் எட்டுப் பேருக்கும் சேத்து வாங்கிட்டு வந்தான். வித்தவன் எட்டுக் குச்சியிலயும் ஒரே நம்பரை வச்சுக் குடுத்துட்டான். அதை எப்படி மாத்துறதுன்னு ஒரு பயலுக்கும் தெரியாது.

விளங்குதா சார்? எட்டு வண்டியும் வரிசையா பம்பரும் பம்பரும் ஒட்டி நிக்குது. எட்டுக் குச்சியும் ஒரே நம்பர். இவன் வண்டியில அவன் பாட்டு, அவன் வண்டியில இன்னொருத்தன் பாட்டு. ரெண்டு பேரு ஒண்ணாப் போட்டா ரெண்டும் இல்லாம கரகரன்னு ஒரு இரைச்சல். தினம் சண்டை. கடைசியில பஞ்சாயத்துப் பேசி ஒரு வழி பண்ணுனோம். எவன் முதல் டர்னுல நிக்கிறானோ அவன் மட்டும் குச்சிய மாட்டலாம். பின்னாடி நிக்கிறவுக எல்லாம் ரேடியோவப் போட்டு அதையே கேட்டுக்கிறணும். சவாரி வந்து அவன் கெளம்பிட்டா அடுத்த வண்டி போடும். இது நான் சொன்ன ரோசனைதான். அன்னைக்கு எல்லாரும் சங்கையா அண்ணனுக்குத்தான் மூளை இருக்குன்னானுக.

என் மூளையே எனக்கு வேட்டு வச்சிருச்சு.

இந்தா, இந்த லாரிக்காரனப் பாருங்க. கை காட்டாமத் திரும்புறான். பின்னாடி ஒரு ஆளு வர்றானே, அவனுக்கும் ஒரு உசுரு இருக்கேன்னு நெனப்பு இருக்கா? கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான்? தலை சீவவா?

எங்க விட்டேன்? ஆமா, எம் மக. நாகஜோதி. திருப்பூருல கட்டிக் குடுத்திருக்கு. மருமகன் பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டியாந்தோம். பொம்பளப் புள்ள பெறந்துச்சு. ராத்திரி பகல்னு இல்லாம கத்தும் சார் அது. என்னைக் கொண்டு பெறந்திருக்கு, அதான் அந்தத் தொண்டை. எங்க வீட்டுக்காரி குருவம்மா இருக்காளே, அவ எடுத்து மடியில போட்டுத் தாலாட்டுப் பாடுனா மட்டும் அடங்கும். வேற யாரு தூக்குனாலும் அடங்காது.

குருவம்மாவுக்குப் பாட வரும்னு எனக்கு எப்படி சார் தெரியும்? கல்யாணம் ஆன நாள்லருந்து நான் வண்டியிலதான் கெடக்கேன். வீட்டுக்குப் போனா சோறு, தூக்கம். அவளும் எனக்கு எதுக்கப் பேச மாட்டா. நல்ல குணம். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டா. அப்படித்தான் நான் நெனச்சிட்டு இருந்தேன்.

நாகஜோதிக்குத் திரும்பப் போற நாள் நெருங்கவும் கவலை வந்துருச்சு. அங்க போனா யாரு பாடுறது? மருமகன் வாங்கிக் குடுத்த ஒரு சின்ன பிளேயரு வச்சிருந்துச்சு, தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். அதுல ரெக்கார்டும் பண்ணலாமாம். ஆத்தா பாடப் பாட பக்கத்துல வச்சு எடுத்துக்கிருச்சு. எடுத்தது எனக்குத் தெரியும். என்ன பாடுனா, ஏது பாடுனா, அது எனக்குத் தெரியாது. தாலாட்டுல என்ன சார் இருக்கும்? நிலா இருக்கும், மாமன் இருப்பான், வெள்ளிக் கிண்ணம் இருக்கும். அதைப் போயி யாரு உத்துக் கேக்குறது?

அஞ்சாம் மாசம் கொண்டு போயி விடணும். சீர் சாமான், தொட்டில், பித்தளை அண்டா, எல்லாம் ஏத்துனேன். குருவம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வச்சு, வாசல்ல வந்து நிக்கிறா. நான் எங்கடி கெளம்பிட்டன்னேன். பேத்தியக் கொண்டுபோயி விட்டுட்டு வர வேணாமான்னா. எங்க எடம் இருக்கு? பின்சீட்டுல மகளும் புள்ளையும் தொட்டிலும். முன்சீட்டுல அண்டா. அண்டாவப் பின்னாடி வச்சா உருண்டு புள்ள மேல விழுகும்ல? பெல்ட்டு போட்டு முன்சீட்டுல கட்டி வச்சிருந்தேன். நீ அடுத்த தடவை வாடின்னேன். சரின்னு உள்ள போயிட்டா. அழுகல, ஒண்ணுமில்ல. அழுதிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?

நீங்க ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? அண்டாவ லாரியில போட்டு விட்டிருக்கலாம்னா? லாரியில போட்டா ஒடுக்கு விழுந்துரும். சம்பந்தி வீட்டுல ஒடுங்குன அண்டாவக் கொண்டுபோயி எறக்குனா நல்லாவா இருக்கும்?

திண்டுக்கல் தாண்டுறதுக்குள்ள புள்ள கத்த ஆரம்பிச்சிருச்சு. பாலு குடுத்தாச்சு, தோள்ல போட்டாச்சு, அடங்கல. நாகஜோதி பின்னாடி இருந்து எட்டி, குச்சி ஒயரைப் பிளேயருல மாட்டி அமுக்குச்சு. குருவம்மா குரலு வண்டி முழுக்க வந்துச்சு சார். நாலு ஸ்பீக்கருலயும். புள்ள டக்குனு நிறுத்திருச்சு. தலையத் திருப்பித் திருப்பித் தேடுது, பாட்டிய எங்க காணோம்னு. அப்புறம் தூங்கிருச்சு. எனக்கும் ஒரு மாதிரி ஆச்சு, இல்லேங்கல. நம்ம வீட்டுப் பாட்டு, நம்ம வண்டியில. ஆனா வார்த்தையைக் கேக்கல. ரோட்டைப் பாக்குறதா, பாட்டைக் கேக்குறதா? ஆராரோன்னு வந்துச்சு, அம்புட்டுத்தான் தெரியும்.

விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். மறுநா ஸ்டாண்டுல நிக்கிறேன், மக போன் போடுது. அப்பா, பிளேயரை உங்க வண்டியிலயே விட்டுட்டேன், புள்ள விடிய விடியத் தூங்கல, பார்சல்ல போட்டு விடுங்கன்னு. பாத்தா, ஆமா, குச்சியில தொங்குது. சாயங்காலம் போட்டு விடுறேன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு என் டர்னு சார். நான்தான் முதல் வண்டி. அந்தத் தவசி பின்னாடி இருந்து கத்துறான், அண்ணே டர்னு உங்களது, பாட்டப் போடுங்கன்னு. நான் பாட்டு ஏத்தி வச்ச பிளேயரு வீட்டுல கெடக்கு. சரி, மக பிளேயருல சினிமாப் பாட்டு ஏதாச்சும் இருக்கும், வேலை செய்யுதான்னு பாத்த மாதிரியும் ஆச்சுன்னு அமுக்கி விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். நல்லாக் கேளுங்க. நான் அமுக்குனது பாட்டுக்கு. தாலாட்டுக்கு அமுக்கல.

டீக்கடை ரோட்டுக்கு அங்கிட்டு. ஒரு டீ, ஒரு வடை. அதுக்குள்ள ஒரு ஆளுக்கிட்ட ரோடு போட்ட லட்சணத்தப் பத்திப் பேசிட்டு இருந்துட்டேன். திரும்பி வந்தா ஸ்டாண்டே வேற மாதிரி கெடக்கு. எப்பவும் சீட்டு, சிரிப்பு, கெட்ட வார்த்தை. அன்னைக்கு அது ஒண்ணும் இல்ல. எல்லா வண்டிக் கதவும் தொறந்து கெடக்கு. ஒவ்வொருத்தனும் அவன் அவன் சீட்டுல, ஒரு காலை வெளிய தொங்கப் போட்டு உக்காந்திருக்கான். எட்டு வண்டியிலயும் என் பொண்டாட்டி பாடுறா.

என்ன பாடுறா? சொல்றேன். எனக்கு மனப்பாடமாயிருச்சு.

"ஊருசனம் ஏறி எறங்கும் ஒந்தாத்தன் காருக்குள்ள
ஒருநாளும் எடமில்லையே ஒம்பாட்டி சேலைக்கு.
கண்ணாடியத் தொடைக்கையில காயமாகும்னு தொடைப்பாரு
கண்ணீரு வழிகையில காணாமப் போவாரு."

அதோட விட்டாளா? பிரசவ வலி வந்தப்ப மகள ஆட்டோவுல கூட்டிட்டுப் போனது, அதுவும் பாட்டுல வருது. அன்னைக்கு எனக்கு ராமேஸ்வரம் சவாரி சார். மொத நாளே பேசுனது. வாக்குக் குடுத்தா வாக்கு. வலி என்ன சொல்லிட்டா வருது? ஆட்டோவுல போனா ஆஸ்பத்திரி வராதா?

நான் வரவும் ஏழு பேரும் என்னையப் பாத்தானுக சார். சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூட நான் ரெண்டு வார்த்தை வஞ்சிட்டு விட்டிருப்பேன். ஒருத்தனும் சிரிக்கல. தவசி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்து கேக்குறான், "அண்ணே, மதினிய ஒரு நா வண்டியில ஏத்துனா என்ன கொறஞ்சா போயிருவீக?"

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எம் பொண்டாட்டி. எவ்வளவு மரியாதையா வச்சிருக்கேன். ரேசன் கடைக்குக் கூட நான் அவளத் தனியா... சரி, ரேசன் கடைக்கு அவதான் போவா, அதை விடுங்க. அவ குரலை இவன் வண்டியில உக்காந்து கேட்டு இவன் அழுகுறான். இவன் யாரு அழுகுறதுக்கு? அழுகணும்னா நான்ல அழுகணும்? பளார்னு ஒண்ணு விட்டேன். அவன் திருப்பி அடிக்கல. என் சட்டையப் பிடிச்சுட்டு, "அண்ணே, தாலாட்டுல வந்ததுக்கு யாரும் மல்லுக்கு நிக்கக் கூடாதுண்ணே, அது புள்ளகிட்டச் சொன்னது"ன்னான்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? எங்க பக்கம் அது உண்டு சார். தாலாட்டுல ஒரு பொம்பள என்ன சொன்னாலும், ஒப்பாரியில என்ன சொன்னாலும், மாமியா கேட்டாலும் சரி, புருசன் கேட்டாலும் சரி, காதுல விழாத மாதிரி போயிரணும். எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா குடும்பத்துக்கு ஆகாதும்பாக. நல்ல வழக்கம்தான். அது வீட்டுக்குள்ள பாடுற காலத்துல வச்ச வழக்கம். எட்டு வண்டியில ஸ்பீக்கர் போட்டுப் பாடுனா கேக்கத்தான செய்வான் மனுசன்?

குச்சியப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சேன். பிளேயரைக் கையில எடுத்துட்டு நேரா வீட்டுக்குப் போனேன். அவ அருவாமணையில வெண்டைக்கா நறுக்கிட்டு இருந்தா. "ஏண்டி, ஊரே சிரிக்குதேடி. எட்டு வண்டியில ஓடுச்சுடி உன் பாட்டு"ன்னேன். அவ கையை நிறுத்தி என்னையப் பாத்தா. பயப்படுவான்னு பாத்தேன். பயப்படல.

"முழுசாக் கேட்டாகளா?"ன்னா.

"கேட்டானுக. அந்தத் தவசிப் பய அழுகவே செஞ்சான்."

"நீங்க கேட்டீகளா?"

"நான் எதுக்குடி கேக்கணும்? நான் டீ குடிக்கப் போயிருந்தேன்"னேன்.

அதுக்குச் சிரிச்சா சார். கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததில்ல. சத்தமே இல்ல. "அதான பாத்தேன்"னு சொல்லிட்டு வெண்டைக்காய நறுக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, பிளேயரு கையிலருந்து விழுந்துருச்சு. கொஞ்சம் வேகமா விழுந்துருச்சு. ஆட்டுக்கல்லு மேல பட்டு ரெண்டாப் போச்சு.

அவ எந்திரிச்சு ரெண்டு துண்டையும் எடுத்துப் பாத்தா. அப்பத்தான் அவளுக்குக் கோவம் வந்துச்சு. என்னையப் பாடுனதுக்கு நான் கேட்டப்ப வராத கோவம். "இது எம் பேத்திக்கு வச்சது"ன்னா. அம்புட்டுத்தான். ரெண்டு சேலைய மஞ்சப்பையில வச்சா. அருவாமணையக் கழுவி மூலையில சாத்துனா. வெண்டைக்காய ஒரு தட்டுப் போட்டு மூடுனா. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டுனா. எங்கடின்னேன். "புள்ள தூங்க வேணாமா?"ன்னா.

நான் ஒண்ணு சொல்லட்டுமா சார், யாருக்கிட்டயும் சொல்லாதது. நான் பின்னாடியே வண்டிய எடுத்துட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ஆரன் அடிச்சேன். திரும்பிப் பாக்கல. டவுன் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னு, மதுரை பஸ் வரவும் ஏறிட்டா. ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டா. நான் எறங்கிப் போயிக் கூப்பிட்டிருக்கலாம்தான். எங்க டாக்சி ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கதான், பயலுக அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்கிறானுக. எப்படி சார் கூப்பிடுறது?

போனவ போனவதான். சித்திரையில போனா, ஆடி வந்துருச்சு. உடைஞ்சது ஒரு பிளேயரு. நான் வேற வாங்கித் தர்றேன்னு மககிட்டச் சொல்லியாச்சு. இதுக்குப் போயி ஒரு பொம்பள புருசன் வீட்டை விட்டுட்டுச் சம்பந்தி வீட்டுல உக்காந்திருப்பாளா? அவளுக்கு வெக்கம் வேணாமா? ஊரு வாயை மூட உலைமூடியா இருக்கு? எனக்கு ஓட்டல் சோறு. சட்டை பாருங்க, நானே தொவைச்சது, கழுத்துப் பட்டையில அழுக்கு போக மாட்டேங்குது.

மக சொல்லுது, அப்பா நீங்க ஒரு தடவை நேருல வந்து, முன்சீட்டுல உக்காத்தி வச்சுக் கூட்டிட்டுப் போங்க, அம்மா வந்துரும்னு. முன்சீட்டுல! இது டாக்சி சார். முன்சீட்டு சவாரிக்கு. பொண்டாட்டிய முன்னாடி வச்சு ஓட்டுனா ஸ்டாண்டுல ஒருத்தன் மதிப்பானா? வரட்டும், தானா வரட்டும். எனக்கு ஒண்ணும் ஓடாமப் போகல.

இருங்க, டோல்கேட்டு. போயிருவோம்.

தினம் சாயங்காலம் மகளுக்குப் போன் போடுவேன். புள்ள எப்படி இருக்குன்னு கேக்கத்தான். அந்நேரம் அவ உள்ள தொட்டில ஆட்டிட்டு இருப்பா. போனை அவகிட்டக் குடும்மான்னா, அம்மா தூங்க வைக்கிதுப்பா, பேசாதாம்னு மக சொல்லும். சரி, அப்படியே தொட்டில் பக்கம் வச்சிட்டுப் போம்மாம்பேன். எதுக்கு? நம்மளப் பத்தி சம்பந்தி வீட்டுல என்ன பாடுறான்னு தெரியணும்ல? அங்க மாப்பிள்ளை இருக்காரு, சம்பந்தியம்மா இருக்காக. மானம் போயிரும்ல? அதுக்குத்தான் கேக்குறது. வண்டிய ரோட்டோரமா நிறுத்தி, இஞ்சினை அமத்தி, கண்ணாடிய ஏத்திட்டுக் கேப்பேன். சவாரி இருந்தாலும் டீ குடிங்க சார்னு எறக்கி விட்டுட்டுக் கேப்பேன். ஒரு வார்த்தை விடாமக் கேப்பேன்.

மொத மொத எல்லாம் பாட்டுல நான் வந்தேன் சார். கார் வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு. அண்டாவக் கூடச் சேத்திருந்தா, பெல்ட்டு போட்டு உக்காந்த அண்டான்னு. நாளைக்குப் போன் போட்டு மககிட்டக் கேட்டுர வேண்டியதுதான்னு நெனப்பேன். மறுநா போட்டா, அந்த வரி எப்ப வரும் எப்ப வரும்னு காத்திருப்பேன்.

நேத்துப் போட்டேன். நல்லாத்தான் பாடுறா. முழுசாக் கேட்டேன், புள்ள தூங்குறது வரைக்கும். கார் வரல. கண்ணாடி வரல. தாத்தன்னு ஒரு வார்த்தை வரல. அதே மெட்டு, அதே எடம்.

"ஊர்மைனா ஏறி எறங்கும் ஒசந்த மரக் கிளைமேல
ஒனக்கும் எடமிருக்கு எனக்கும் எடமிருக்கு."

மைனாவாம் சார். மைனா! நான் இருந்த எடத்துல ஒரு மைனாவக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கா. எம்புட்டுத் திமிரு இருந்தா செய்வா? என்னையத் திட்டிப் பாடு, வேணாங்கல. ஊரக் கூட்டிப் பாடு. எட்டு வண்டியில என்ன, எண்பது வண்டியில பாடு. கட்டுன புருசன் நான், குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன், என்னைய எப்படி சார் எடுத்துப்புட்டுப் பாடலாம்?